தலைகீழாக வைத்த மழை

“பின்னால தள்ளுங்க டீச்சர், இன்னும் பின்னால, அடிக்கிற அடியில குடம் உருளுது!” என்று பெண்கள் கூச்சல் போட்டதும், இந்துராணி புரொஜெக்டர் இருந்த ஸ்டூலை இரு கையாலும் பிடித்து வராந்தாவின் கடைசிவரை இழுத்தாள். இழுக்க இழுக்க எதிரே தரைத்தொட்டியின் சுண்ணாம்புச் சுவரில் விழுந்திருந்த படம் பெரிதாகி, வால்பாறை பேருந்து நிலையம் சுவரின் விளிம்பைத் தாண்டி வழிந்து, மோட்டார் அறையின் மீதும் முருங்கை மரத்தின் மீதும் படர்ந்தது. படம் பெரிதான அளவுக்கு மழை மெலிந்து, கொட்டல் தூறலாகி, தூறல் தெரு முழுக்கப் பரவி, குடங்கள் உருளாமல் நின்று நிறையத் தொடங்கின. கிட்டே வைத்தால் கனத்த மழை, தள்ளி வைத்தால் அகலமான மழை, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கிடைக்காது என்பதை அவள் காலனிக்கு ஆரம்பத்திலேயே விளக்கியிருந்தாள். வேலைக்காலம் முழுவதும் பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்தியவள் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

“இப்பச் சரி” என்றாள் எதிர்வீட்டு ராஜாத்தி. பிறகு குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். “ஆனா டீச்சர், இதென்ன தண்ணிக்குள்ள நூல் நூலாக் கெடக்கு?”

இந்துராணி இறங்கி வந்து குடத்தில் விரலை விட்டாள். சிலந்தி வலையைவிட மெல்லிசான சாம்பல் நிற இழை ஒன்று விரலைச் சுற்றிக்கொண்டு வந்தது. அவள் போய் புரொஜெக்டரை அணைத்தாள். பாதி நிறைந்த குடங்களின் மேல் மழை நின்றது. அவள் ஸ்லைடை முந்தானையால் பிடித்து உருவி, வராந்தாவின் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான அட்டைச் சட்டம். அதற்குள் மழையில் நனையும் ஒரு பேருந்து நிலையம், ஒரு பேருந்தின் முகப்பு, குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். போன மாதம்வரை இருட்டிக் கிடந்த வானம் இப்போது கழுவிவிட்ட ஈயப் பாத்திரம் போல வெளுத்திருந்தது. ஓரத்தில் ஒரு புள்ளியாக இருந்த பூசணம் கிளைவிட்டு, குடைக்காரியின் தோளைத் தொட்டிருந்தது.

“என்ன டீச்சர், வால்பாறை முடிஞ்சிருச்சா?”

“முடியலை. முடியப்போகுது” என்றாள் இந்துராணி.

அந்த ஸ்லைடுகளை அவள் எடுத்தது வகுப்புக்காக. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழையென்றால் என்னவென்று அருப்புக்கோட்டைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டி அலுத்துப்போய், கோடை விடுமுறையில் சொந்தக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி, வால்பாறை மழையையும் கொடைக்கானல் மூட்டத்தையும் சாத்தான்குளத்துப் பக்கத்துச் செந்தேரி மணல்மேட்டையும் வேதாரண்யத்து உப்பையும் படம் பிடித்து வந்தாள். பள்ளியில் அவற்றைக் காட்டியபோதெல்லாம் அவை படங்களாகத்தான் இருந்தன. பணி ஓய்வுக்குப் பின் பரணில் ஏறின. அங்கே எத்தனையோ கோடைகள் சும்மா கிடந்து, பிறகு இந்தக் கோடையில் இறங்கின.

இறங்கியதற்குக் காரணம் மகன் சுதாகர். காலனியின் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்றை மட்டும் துப்ப ஆரம்பித்து, லாரித் தண்ணீருக்கு ஆள்கள் வரிசையில் நின்று, மூன்று வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு போன பிறகு, அவன் பெங்களூரிலிருந்து வந்து, “தண்ணியில்லாத ஊர்ல என்னம்மா வச்சிருக்க? வித்துட்டு எங்கூட வந்துரு” என்றான். வந்த கையோடு ‘வீடு விற்பனைக்கு’ என்று தகரத்தில் எழுதி வாங்கி, கேட்டில் கம்பிவைத்துக் கட்டிவிட்டும் போனான். அந்த வீட்டை அவள் தன் சேமநல நிதியில் கட்டியிருந்தாள். அடுப்பு மேடையைக் கொத்தனார் சொன்ன உயரத்துக்கு வைக்காமல் தன் இடுப்பு உயரத்துக்கு வைத்திருந்தாள். மகனோடு சண்டை போடவில்லை. “இந்த வருஷக் கடைசிக்குள்ள தண்ணி நிலைச்சா இருப்பேன், இல்லைன்னா வாரேன்” என்று ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டபடியே சாமான்களை ஒழிக்கத் தொடங்கி, பழைய இரும்புக்காரனிடம் புரொஜெக்டர் ஓடுகிறது என்று காட்டுவதற்காக ஒரு சாயங்காலம் கைக்கு வந்த ஸ்லைடைப் போட்டு, தொட்டிச் சுவரில் வெளிச்சத்தை விட்டபோது, சுவருக்கும் வராந்தாவுக்கும் நடுவில் மழை பெய்தது.

“துணி காயுதுல்ல டீச்சர், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடக் கூடாதா?” என்று ராஜாத்தி ஓடிவந்து கொடியிலிருந்து சேலைகளை உருவினாள். பழைய இரும்புக்காரன் தராசை நனையாமல் சைக்கிளுக்கு அடியில் வைத்துவிட்டு, விற்கும் பொருள் இல்லை என்று தானே முடிவுசெய்து, மழை விட்டதும் அடுத்த தெருவுக்குப் போனான்.

அதற்குப் பிறகு காலனி பழகிக்கொண்டது. தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்வது நின்றுபோய், ‘வால்பாறை பிடிக்கப் போறேன்’ என்ற சொல் வந்தது. ‘இன்னைக்கு வால்பாறை எத்தனை மணிக்கு?’ என்று விசாரித்துவிட்டு மாவு ஆட்டினார்கள், துவைக்கப் போட்டார்கள், பெண் பார்க்க வருகிறவர்களை அதற்கு முன்னாலோ பின்னாலோ வரச்சொன்னார்கள். மழையோடு அட்டைகள் வந்தன. அருப்புக்கோட்டையில் அதுவரை யாரும் பார்த்திராத அட்டைகள். அவற்றைப் பிடுங்கக் கூடாது, உப்பைத் தொட்டு வைக்க வேண்டும் என்று இந்துராணி சொன்னதும், வாசல்தோறும் கோலப்பொடிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு உப்புக் கிண்ணம் வந்து உட்கார்ந்தது. தொட்டிச் சுவரின் அடியில் பாசி பிடித்து, பாசியில் பெரணி முளைத்து, மோட்டார் அறையை ஒட்டி ஒரு தேயிலைச் செடி தலைகாட்டியது; அதில் மூன்று இலை விட்டதும் ஒருவர் கிள்ளிக் கொண்டுபோய் வெந்நீரில் போட்டுக் குடித்துவிட்டு, கடைத்தூள்தான் தேவலை என்றார். நோன்பு மாதத்தில் தெருவின் கடைசி வீட்டு ஹமீதாவின் அம்மா, அவரும் ஓய்வு பெற்ற டீச்சர்தான், கணக்கு டீச்சர், பிற்பகல்களில் ஆள் அனுப்பி, “கொடைக்கானலை மட்டும் கொஞ்சம் போடுங்க இந்து, நாக்கு வறளுது” என்று கேட்டுக்கொண்டார். சமுதாயக் கூடத்தின் சன்னல்களை அடைத்து மூட்டத்தைப் போட்டு, நோன்பாளிகள் அதற்குள் நோன்பு திறக்கும் நேரம்வரை பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். செந்தேரியை ஒருமுறை தெரியாமல் போட்டுவிட்டார்கள்; அந்த மணல் இன்னும் சிலர் வீட்டுச் சோபாவிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

மழை ஸ்லைடில் ஒரே ஒரு முறை தவறு நடந்தது. இந்துராணி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மாலையில், சங்கச் செயலாளர் சவுண்டப்பன், தபால் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், முத்திரையைக்கூடக் கோணாமல் குத்திய மனிதர், ஸ்லைடை நேராகப் பிடித்து நேராகவே செருகினார். சுவரில் பேருந்து தலைகீழாக நின்றது. மழை தரையிலிருந்து கிளம்பி வானத்துக்கு ஏறியது. நிறைத்து வைத்த குடங்களிலிருந்தும் அண்டாக்களிலிருந்தும், நாய்க்கு வைத்த சட்டியிலிருந்தும், அவர் மனைவி கையில் வைத்திருந்த காப்பித் தம்ளரிலிருந்தும் நீர் துளித்துளியாகப் பிரிந்து மேலே போய் மறைந்தது. எதுவும் நனையவில்லை, எல்லாம் காய்ந்துபோனது.

“இதைத் தலைகீழாச் செருகினாத்தான் அண்ணாச்சி சுவத்துல நேரா வரும். அதுக்குத்தான் மூலையில சிவப்புப் பொட்டு வச்சிருக்கேன்” என்றாள் இந்துராணி மறுநாள்.

“நாப்பது வருஷம் நேரா வச்சே பழகின கை டீச்சர்” என்றார் அவர்.

“படம் நேரா நின்னா மழை எறங்கும், தலைகீழா நின்னா ஏறும். அவ்வளவுதான்.”

அவர் மனைவிக்கு மட்டும் அவ்வளவுதான் அல்ல. அன்றுமுதல் அவர் எதைத் தொட்டாலும், “நேராப் பிடிங்க, இல்ல இல்ல, தலைகீழாப் பிடிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நூல் விழுந்த மறுநாள் சமுதாயக் கூடத்தில் கூட்டம் கூடியது. ஒவ்வொரு முறை போடும்போதும் பல்பின் சூட்டில் படம் வெளுக்கிறது, வெளுக்க வெளுக்க மழை நீர்க்கிறது, போதாததற்குப் பூசணம் வேறு தின்கிறது. படம் அழிவதற்குள் அதைக் கணினிக்குள் எடுத்துவிட்டால் கூடத்தில் பிள்ளைகள் பாடத்துக்காக வைத்திருக்கும் புது புரொஜெக்டரில் வேண்டிய மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று இந்துராணி சுருக்கமாகச் சொன்னாள். எப்படி எடுப்பது, எங்கே எடுப்பது, யார் கையையும் கடிக்காமல் எடுப்பது என்பதுதான் கேள்வி.

லாரித் தண்ணீர் விற்கும் காளிராஜன் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை, ஆனால் வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். மழை தொடங்கியதிலிருந்து அவன் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனாலும் தினமும் நிறைந்த லாரியைத் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு காத்திருப்பான்.

“எதுக்கு டீச்சர் இந்தப் பாடு? லாரி நிக்குது, தண்ணி இருக்கு. வெளுக்கவும் செய்யாது, பூசணமும் புடிக்காது” என்றான்.

“உப்புப் பூக்குமேடா காளி” என்றாள் ராஜாத்தி. “உன் தண்ணியில பருப்பு வேகறதுக்குள்ள பருப்புக்கே வயசாயிருது.”

சுதாகர் தொலைபேசியில், ஒலியைக் கூட்டி வைத்த கைபேசி வழியாகப் பேசினான். சென்னையில் பெரிய ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது, அங்கே இருக்கும் இயந்திரம் மயிரிழையையும் விடாது, அதுதான் முறையான வழி என்றான். கூலியைக் கேட்டதும் கூடம் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு குடும்பத்தின் மாத மளிகை போய்விடும். இருந்தாலும் முறையான வழி என்ற சொல்லுக்குக் காலனியில் ஒரு மரியாதை இருந்தது. இந்துராணி யோசித்து, “மழையை அனுப்ப மாட்டேன். மொதல்ல மூட்டம் போகட்டும். அது எப்படி வருதுன்னு பாத்துட்டு மழையைப் பத்திப் பேசலாம்” என்றாள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு கொடைக்கானலைக் கூரியரில் அனுப்பினார்கள்.

படம் கணினிக்கு வந்து சேர்ந்த அன்று நோன்பாளிகள் பாயோடு வந்திருந்தார்கள். சுவரில் கொடைக்கானல் விழுந்தது. இத்தனை வருடத்தில் யாரும் பார்த்திராத அளவுக்குத் தெளிவான கொடைக்கானல். மலையில் மரம் மரமாக எண்ணலாம், எதிர்ச் சரிவில் மேயும் மாட்டின் கொம்பு தெரிந்தது. கூடம் அடுப்புபோலக் காய்ந்து கிடந்தது. இந்துராணி ஸ்டுடியோவை அழைத்தாள்.

“படம் பூரா ஒரே மூட்டமா இருந்துச்சு மேடம்” என்றான் அங்கிருந்தவன் பெருமையாக. “தூசி, கீறல், மூட்டம் எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டோம். அதுக்குத் தனியா சார்ஜ் பண்ணலை.”

“அந்த மூட்டத்தைத்தான் தம்பி நான் அனுப்பினேன்” என்றாள் அவள்.

தொலைபேசியை வைத்த பிறகு அவள் கோபப்படவில்லை. எதை எடுத்துவிடுகிறோமோ அது பெய்யாது என்பது தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள மூட்டம் போதுமானதாக இருந்தது, மழையைக் கொடுக்க வேண்டி வரவில்லை. நல்லவேளையாகக் கூரியரில் திரும்பி வந்த ஸ்லைடில் மூட்டம் மூட்டமாகவே இருந்தது.

அடுத்த வாரங்களில் காலனி தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் மூட்டத்தை வைத்துச் சோதித்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், “சின்னப் பொருள்தானே, வைங்க” என்று ஸ்லைடைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியைப் போட்டு அழுத்தினார். பின்னாலிருந்து வெளிச்சம் இல்லாத ஸ்லைடு கறுப்புத் தாளாக வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் கடைத் தாள்களெல்லாம் ஈரம் கோத்துக்கொண்டு, பட்டா நகல்களும் சாதிச் சான்றிதழ்களும் குளிர்ந்து, தொட்டால் சில்லென்று இருந்தன.

சவுண்டப்பன் இணையத்தில் ஒரு சிறு பெட்டியைக் கண்டுபிடித்தார். ஸ்லைடைச் செருகினால் அதுவே எடுத்துக் கொடுக்கும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். “ஆர்டர் போடுவோம், எடுப்போம், திருப்பி அனுப்பிருவோம்” என்றார். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி இப்படிப் பேசலாமா என்று மனைவி கேட்டதற்கு, “திருப்பி அனுப்புறதும் தபால்தான்” என்றார். பெட்டி படத்தின் நான்கு ஓரங்களையும் தானாக வெட்டிவிட்டது. கூடத்தில் எழுந்த மூட்டம் நடுவில் மட்டும் சதுரமாக, ஓரங்கள் கத்தியால் நறுக்கியதுபோல நின்றது. உள்ளே போனவர்களுக்குச் சூடான பிளாஸ்டிக் வாசம் அடித்தது. ஹமீதாவின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ரேஷன் மூட்டமா இருக்கு” என்று பாயைச் சுருட்டினார். பெட்டி திரும்பிப் போனது.

சுவரில் விழும் படத்தையே கைபேசியில் எடுத்தால் என்ன என்று ராஜாத்தி கேட்டாள். எடுத்தார்கள். படத்தோடு சுவரின் விரிசலும் அதிலிருந்த பல்லியும் சேர்ந்து வந்தன. அதைத் திரும்பப் போட்டபோது மூட்டம் கோணலாக எழுந்து, அதற்குள்ளிருந்து பல்லி சவுண்டப்பனின் இடது தோளில் விழுந்தது. மீதிக் கூட்டம் முழுவதும் அதிலேயே போனது. இடது தோளில் விழுந்தால் வெற்றி என்றார் ஒருவர், படத்திலிருந்து விழுந்த பல்லிக்குப் பலன் உண்டா என்றார் இன்னொருவர், நிஜப் பல்லி சுவரிலேயே இருக்கும்போது இதற்கு எப்படிப் பலன் பார்ப்பது என்றார் மூன்றாமவர். சவுண்டப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று போய்க் குளித்துவிட்டு வந்தார்.

இதற்கிடையில் மழை இளைத்துக்கொண்டே வந்தது. சாயங்காலங்களில் தூறல் குடத்தின் அடியை நனைக்க நேரம் பிடித்தது. தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி நூல்களை உதறினார்கள். “அந்தப் போர்டை எடுத்துராதம்மா, ஒரு பார்ட்டி கேட்டுட்டு இருக்காங்க” என்று சுதாகர் சொன்னான். காளிராஜன் லாரியைத் தெருமுனையிலிருந்து நகர்த்தி, தொட்டிச் சுவருக்கு முன்னாலேயே நிறுத்தப் பழகிக்கொண்டான்.

ஒரு காலையில் இந்துராணிக்குக் கடைவாயில் வலி. தெருவின் கடைசி வீட்டின் முன்னறையில் ஹமீதா பல் மருத்துவம் பார்த்தாள். இந்துராணியிடம் படித்தவள். அவள் இந்துராணியின் கன்னத்தை விலக்கி, நீண்ட மூக்குள்ள ஒரு கேமராவை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து பல்லைப் படம் பிடித்து, எக்ஸ்ரேயும் எடுத்து அதைச் சுவரில் பதித்திருந்த விளக்குப் பெட்டியில் செருகி, “சொத்தை இல்லை டீச்சர், ஈறுதான்” என்றாள்.

இந்துராணி வாயைத் திறந்தபடியே அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரே சீராக வரும், சூடில்லாத வெள்ளை வெளிச்சம். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

“ஹமீதா, ஒரு பல் எவ்வளவு பெரிசுடி?”

“என்ன டீச்சர் கேள்வி இது?”

“ஸ்லைடு அதைவிடப் பெரிசுதானே.”

ஹமீதா கேமராவைக் கீழே வைத்தாள். “இத்தனை நாளா இதை ஏன் டீச்சர் கேக்கலை?”

“நீ பல் டாக்டர்ல. பல்லு வலிக்கணும்ல.”

அன்று மத்தியானமே மூட்டத்தைப் பெட்டியில் செருகி எடுத்துப் பார்த்தார்கள். தூசி, கீறல், இந்துராணியின் பழைய கைரேகை ஒன்று, எல்லாம் அப்படியே வந்தன. கூடத்தில் போட்டபோது மூட்டம் சன்னல் இடுக்குகள்வரை நிறைந்து, நோன்பு முடிந்து நாளாகியும் ஹமீதாவின் அம்மா ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். கூலி என்ன என்று சவுண்டப்பன் கேட்டதற்கு ஹமீதா, “எங்க வாசலுக்கு ரெண்டு அண்டா வால்பாறை” என்றாள்.

மழை அவ்வளவு எளிதாக இல்லை. ஸ்லைடை விளக்குப் பெட்டியில் செருகிய உடனே அதற்கும் கேமராவுக்கும் நடுவில் விரல்கடை அகலத்துக்கு மழை பெய்து, கண்ணாடியில் துளிகள் ஒட்டி, படம் கலங்கியது. துடைக்கத் துடைக்கப் பெய்தது. ஹமீதா பஞ்சை எடுத்து, “இந்தப் பூசணத்தையாவது ஒத்தி எடுத்துரட்டுமா, படம் தெளியும்” என்றாள்.

“எதையும் எடுக்காதே. எது மழை, எது பூசணம்னு நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமோ என்னவோ.”

அட்டைச் சட்டம் ஈரத்தில் உப்பிக்கொண்டிருந்தது. படலம் ஓரத்தில் தோல்போலச் சுருண்டது. இன்னொரு நாளைக்கு இது தாங்காது என்று இந்துராணி கண்டுகொண்டாள். இன்றைக்கு எடுத்தால் வீடு, எடுக்காவிட்டால் பெங்களூர். அவள் பெட்டியிலிருந்து ஸ்லைடை உருவி, விரல்களுக்கு நடுவே வைத்து, மூலையிலிருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்தாள். கல்யாணத்திலிருந்து திரும்பி வந்தபோது வாசலில் காய்ந்து கிடந்த குடங்கள் நினைவுக்கு வந்தன.

“தலைகீழா வைப்போம்” என்றாள்.

“வச்சா?”

“ஏறும். ஏறுறதுக்கு இங்க தண்ணி இல்லைன்னா ஒண்ணும் நடக்காது. கண்ணாடி நனையாது. அப்புறம் படத்தைத் திருப்பிக்கலாம்.”

அறையிலிருந்த தண்ணீரையெல்லாம் வெளியேற்றினார்கள். நாற்காலியோடு இருந்த குழாயை மூடினார்கள், வாய் கொப்பளிக்கும் தம்ளரைக் கவிழ்த்தார்கள், மருந்துக் குப்பிகளையும் ஈரத் துண்டையும் பூச்சட்டியையும் வீட்டின் உள்ளறைக்குக் கடத்தினார்கள். ஹமீதா தரையைத் துடைத்து, துடைத்த ஈரமும் காயும்வரை மின்விசிறியைச் சுழலவிட்டு நிறுத்தினாள்.

“வாயை மூடிக்கோங்க டீச்சர்” என்றாள்.

“நீயும் மூடு.”

ஸ்லைடு தலைகீழாகப் போய் நின்றது. பேருந்து சக்கரங்களை மேலே தூக்கிக்கொண்டது. குடைக்காரி வானத்தில் கால் ஊன்றினாள். இருவர் நெற்றியிலிருந்தும் வியர்வை மணிமணியாகக் கிளம்பி மேலே போனது. உதடு காய்ந்தது, மூடிய வாய்க்குள் நாக்கு காய்ந்தது, இந்துராணியின் கண் ஓரத்தில் என்ன இருந்ததோ அதுவும் போனது. கேமராவின் கண்ணாடி உலர்ந்து பளிச்சென்று இருந்தது. ஹமீதா எடுத்தாள். ஒரே தடவை. ஸ்லைடை உருவும்போது படலம் சட்டத்திலிருந்து பிசினாகக் கழன்று அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. சட்டத்தில் பேருந்து நிலையம் இருந்த இடத்தில் அறையின் எதிர்ச் சுவர் தெரிந்தது.

சாயங்காலம் காலனி முழுக்கத் தொட்டிச் சுவருக்கு முன்னால் கூடியது. வெறும் குடங்கள், அண்டாக்கள், பீப்பாய்கள். பல நாளாக மழை போதாமலிருந்ததால் காளிராஜனின் லாரி சுவருக்கு முன்னால் உரிமையோடு நின்றது. அவன் மேலே ஏறி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாளிவாளியாக விற்றுக்கொண்டிருந்தான். “படம் பாக்குறவங்க பாருங்க, தண்ணி வேணுங்கறவங்க வாங்க” என்றான். கூடத்திலிருந்து புது புரொஜெக்டரை வராந்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சவுண்டப்பன் கணினியில் படத்தைத் திறந்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது: படம் மங்கலாக இருக்கிறது, சரிசெய்யவா? அவர் விரல் நகர்ந்தது.

“கைய எடுங்க அண்ணாச்சி.”

விரல் அந்தரத்தில் நின்றது. “எடுத்துட்டேன், எடுத்துட்டேன்.” வேண்டாம் என்பதைக் காட்டச் சொல்லி, அதை அழுத்தினார். படம் சுவரில் விழுந்தது.

சக்கரங்கள் மேலே. குடைக்காரி வானத்தில். ஹமீதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவசரத்தில் கேமராவின் மெமரி கார்டை அப்படியே கொண்டுவந்திருந்தாள், யாரும் படத்தைத் திருப்பவில்லை.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு லாரியின் மேலிருந்து காளிராஜன், “யே, யே, யே!” என்றான். திறந்த மூடி வழியாக லாரித் தண்ணீர் துளித்துளியாக, பிறகு சரம்சரமாக, பிறகு ஒரு தூணாகக் கிளம்பி வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவன் மூடியை மூடப் பார்த்தான், தண்ணீர் மூடியையும் அவன் கையையும் சேர்த்துத் தள்ளியது. கீழே காலனி கைதட்டியது. “ஏறுது! டீச்சர், ஏறுது!” என்று ராஜாத்தி வெறுங்குடத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கத்தினாள். ஏறுகிறதென்றால் உள்ளே மழை இருக்கிறது.

“திருப்புங்க!” என்று காளிராஜன் மேலிருந்து கதறினான். “அய்யா, போஸ்ட் மாஸ்டரே, திருப்புங்க!”

“நேரா வைங்க” என்றாள் சவுண்டப்பனின் மனைவி. “இந்தத் தடவை நேராவே வைங்க.”

படம் சுழன்று நின்றது. மழை இறங்கியது. ஏறிய தண்ணீரும் இத்தனை வருடப் பழைய தண்ணீரும் சேர்ந்து இறங்கியது. வானம் இருட்டிப்போன மாதிரி இறங்கியது. அதில் நூல் இருந்தது, தூசி இருந்தது, எங்கிருந்தோ வந்த லேசான கிராம்பு எண்ணெய் வாசம் இருந்தது, அட்டைகளும் இருந்தன. குடங்கள் உருண்டன. “பின்னால தள்ளுங்க!” என்று நாலு பக்கமும் கத்த, சவுண்டப்பனும் ஹமீதாவும் மேசையோடு புரொஜெக்டரைப் பின்னால் இழுக்க, மழை அகன்று தெருவின் கடைசிவரை, ஹமீதாவின் அம்மா வைத்திருந்த இரண்டு அண்டாக்கள்வரை போனது. லாரி மறுபடி நிறைந்து, மேலே வழிந்தது. நனைந்து இறங்கிவந்த காளிராஜன், “டீச்சர், எந்தண்ணியும் இதுல கலந்திருக்கு, பாத்துக்கோங்க, எனக்கும் பங்கு உண்டு” என்றான்.

“பருப்பு வேகுதான்னு பாத்துட்டுச் சொல்றோம்” என்றாள் ராஜாத்தி.

எல்லாரும் உப்புக் கிண்ணங்களைத் தேடிக்கொண்டும் துணிகளைச் சுருட்டிக்கொண்டும் ஒருவர் காலிலிருந்த அட்டையை மற்றவருக்குக் காட்டிக்கொண்டும் இருந்தார்கள். இந்துராணியின் பீப்பாய் விளிம்புவரை நிறைந்து தளும்பியது. அதற்கு மூடி இல்லை. திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு கேட்டுக்குப் போய், கம்பியை முறுக்கி அவிழ்த்து, அந்தத் தகரப் பலகையைக் கொண்டுவந்து, எழுத்துள்ள பக்கம் அடியில் இருக்கும்படி பீப்பாயின் மேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு செங்கல்லையும் வைத்தாள்.